‘ஆமென் சேசு’ என்று முடித்தவர்கள் – வாசகர் கேள்வி பதில்

மறைந்த தாயையும் பாட்டியையும் பற்றி வந்த கடிதங்கள் சில சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அம்மாச்சி சென்ற மாதம் தமது 93-ஆம் வயதில் காலமானார். ஏழு பிள்ளைகளையும் பத்தொன்பது பேரப்பிள்ளைகளையும் கண்டவர். முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிடுகிறோம். எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘பக்தியின் சிகரம், பாசத்தின் ஊற்று, தியாகச் சுடர்’ என்று எழுதியதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன எழுதலாம்?
– ஒரு பேத்தி, திருச்சி

பதில்: அந்த மூன்றையும் அடித்துவிட்டு, அம்மாச்சி காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன செய்வார் என்பதிலிருந்து தொடங்குங்கள். இதை அனுபவப்பட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 2017-இல் என் அம்மா 91 வயதில் இறந்தபோது, நாங்களும் நினைவு அட்டையில் இப்படித்தான் அடுக்கினோம். அட்டையைக் கையில் வாங்கிப் படித்த என் சித்தி, “எல்லாம் நல்லா இருக்கு தம்பி, ஆனா இது யாரைப் பத்தி எழுதியிருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. எந்தத் தாயின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்திவிடும் சொற்களை எழுதி, எங்கள் தாயை நாங்களே அடையாளம் தெரியாதபடி ஆக்கியிருந்தோம்.

ஒரு மாதம் கழித்து அம்மாவின் தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, மெழுகு சொட்டிய செபப் புத்தகத்துக்கு அடியில் நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று கிடைத்தது. முதுகு கிழிந்த இடத்தைப் புடவை நூலால் தைத்திருந்தார். உள்ளே ‘மரித்தவர்கள்’ என்று தலைப்பிட்டு, வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் ஆண்டு. தொடக்கத்தில் மை ஊற்றும் பேனா, பிறகு பால்பாயிண்ட், கடைசிப் பக்கங்களில் கோணலாக இழுத்துக்கொண்டு போகும் எழுத்து. இறந்தவர்களுக்காக மன்றாடும் மாதமான ஒவ்வொரு நவம்பரிலும் அவர் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தது இந்த நோட்டைத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மூன்றாவது வரியில் பெயர் இல்லை. ‘என் மூத்தது, 1949’ என்று மட்டும் இருந்தது. அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சித்தியிடம் கேட்டோம். மூன்று நாள் மட்டும் இருந்த குழந்தை என்றும், பிழைக்காது என்று தெரிந்ததும் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார் என்றும் சொன்னார். ஞானஸ்நானம் பெற்று இறந்த பச்சைக் குழந்தை நேரே மோட்சம் சேரும், அதற்காக யாரும் மன்றாடத் தேவையில்லை என்பது உபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கிய அம்மாவுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் 68 ஆண்டுகள் அந்த வரியை விடாமல் வாசித்திருக்கிறார். எங்கள் நினைவு அட்டையில் இருந்திருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.

ஆகவே, அம்மாச்சியின் பெட்டியையும் செபப் புத்தகத்தின் இடையில் செருகியிருக்கும் படங்களையும் முதலில் பாருங்கள். ஏழு பிள்ளைகளிடமும் தனித்தனியாக, தாம் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் கேளுங்கள். கோயிலில் பல ஆண்டுகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணியையும் மறக்காமல் கேளுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். பிறந்த தேதியில் குழப்பம் இருந்தால் (அந்த வயதினரில் பலருக்கு வீட்டில் சொல்வது ஒன்று, ஆவணத்தில் இருப்பது ஒன்று) அவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற பங்குக் கோயிலின் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படுவது வழக்கம்.

அவர் வாழ்ந்த காலத்தையும் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்படி இரண்டு பத்தி எழுதுங்கள். அவருடைய இளமையில் பூசை (இன்று திருப்பலி என்கிறோம்) முழுவதும் இலத்தீனில் நடந்தது; சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று சொல்ல, பெண்கள் முக்காடிட்டு உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டித்தான் திருப்பலி தமிழுக்கு வந்தது. நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை, வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 1953-இல் தண்ணீருக்கு அனுமதி கிடைத்தது. 1957-இல் மூன்று மணி நேர உபவாசமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் அது குறைந்தது. என் அம்மா கடைசிவரை காப்பியைப் பூசைக்குப் பிறகுதான் தொட்டார். ‘பிடிவாதம்’ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, முப்பது வயதுவரை அவர் கடைப்பிடித்த சட்டம். உங்கள் அம்மாச்சியிடமும் காரணம் தெரியாத இத்தகைய பழக்கங்கள் இரண்டொன்று இருந்திருக்கும்.

அவருடைய கோபத்தையும் விட்டுவிடாதீர்கள். புனித மோனிக்கா 387-இல் ஓஸ்தியாவில் இறந்தபின், மகன் அகுஸ்தினார் தாயைப் பற்றி எழுதும்போது, சிறுமியாக இருந்தபோது திருட்டுத்தனமாக மது அருந்தும் பழக்கம் அவருக்கு இருந்ததையும் சேர்த்தே எழுதினார். அதனால் மோனிக்காவின் பெருமை குறையவில்லை; அவர் சதையும் இரத்தமுமான ஒரு பெண் என்று இன்றுவரை நாம் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் ஆச்சி கடைசி இரண்டு ஆண்டுகள் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் காணவில்லை. ஆனால் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று நாங்கள் எடுத்துக் கொடுத்தால், ‘ஆமென் சேசு’ வரைக்கும் பிசகாமல் சொல்லி முடிப்பார்கள். முதலாண்டு நினைவு நாளில் வீட்டில் அந்தப் பழைய செபத்தையே சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்குப் புரியாது என்கிறார் என் கணவர்.
– ஒரு பேத்தி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். தூத்துக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1542-இல் உங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழ் அறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மங்கள வார்த்தை செபத்தையும் (உங்கள் ஆச்சி சொன்ன மரியாயின் செபம்) தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்தபடி தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் செப நூல்தான். சொற்கள் காலந்தோறும் மாறின என்றாலும், மனப்பாடமாக வாயிலிருந்து வாய்க்கு வந்த அந்தத் தொடர்ச்சியின் ஒரு கண்ணி உங்கள் ஆச்சி.

புரியாது என்பதைப் பெரிய தடையாக எண்ண வேண்டாம். பத்து நிமிடம் போதும். ‘பிரியதத்தம்’ என்றால் பிரியமாய்த் தரப்பட்டது. இன்று ‘அருள்’ என்கிறோம். ‘அர்ச்சியசிஷ்ட’ என்றால் ‘புனித’. ‘இஸ்பிரீத்து சாந்து’ தூய ஆவியாருக்குப் போர்த்துக்கீசியர் சொன்ன பெயர் தமிழ் நாக்கில் உருண்டது. ‘சர்வேசுரன்’ யார் என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஐந்து பத்துமணிகளில் ஒன்றை ஆச்சியின் மொழியிலும், மற்ற நான்கையும் பிள்ளைகளுக்குப் பழகிய ‘அருள் நிறைந்த மரியே’ என்ற மொழியிலும் சொன்னால், உங்கள் கணவரும் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆச்சியின் வயதை ஒத்தவர்கள் உங்கள் தெருவில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அவர்கள் சொல்லும் செபத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, எழுத்திலும் இறக்கி வையுங்கள். புதிய மொழிபெயர்ப்புக்குத் திருத்தாமல், அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள். என் அம்மாவின் குரல் எங்களிடம் ஒரு விநாடிகூட இல்லை. அவர் ‘மரண நேரத்திலும்’ என்ற இடத்தில் மூச்சை இழுத்து நிறுத்துவது என் காதில் இருக்கிறது. என் மகனுக்கு அதை எப்படிக் கேட்கவைப்பது என்று தெரியவில்லை.

கேள்வி: அம்மாவின் அடக்கத் திருப்பலியில் பேசுவதற்காக இரவெல்லாம் விழித்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மறையுரைக்குப் பிறகு பேச வேண்டும் என்று கேட்டபோது பங்குத்தந்தை மறுத்துவிட்டார். என் மனம் இன்னும் ஆறவில்லை.
– ஒரு மகன், திண்டுக்கல்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. அவர் அந்த நேரத்தில் ஓரிரு வார்த்தை விளக்கியிருந்தால் இத்தனை நாள் நீங்கள் புண்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் விதி அவர் பக்கம்தான் இருக்கிறது. அடக்கத் திருப்பலியின் மறையுரை சுருக்கமாக இருக்க வேண்டும், எவ்வகைப் புகழுரையாகவும் அது ஆகக் கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கூறுகிறது. இறந்தவரைப் புகழக் கூடாது என்பது இதன் கருத்தன்று. அந்த ஒரு மணி நேரம் அவரைப் பற்றிப் பேசுவதற்காக அல்லாமல், அவருக்காகப் பலி ஒப்புக்கொடுப்பதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. போரில் இறந்த தம் வீரர்களுக்காக யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே பணம் திரட்டிப் பாவம் போக்கும் பலிக்கு எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மோனிக்கா தம் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்.

குடும்பத்தார் சுருக்கமாகப் பேசப் பல இடங்களில் நன்மைக்குப் பிந்திய மன்றாட்டு முடிந்து, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்குமுன் இடம் தருகிறார்கள். முன்கூட்டியே கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். அந்த மூன்று பக்கங்களையும் பத்திரமாக வையுங்கள். ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பின் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காருவதற்கு முன், அம்மாவின் படத்துக்கு அருகில் நின்று முழுவதையும் வாசியுங்கள். அங்கே உங்களை நிறுத்தச் சொல்ல யாருமில்லை.

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்து, இப்போதும் அப்படியே இருப்பவள். என் மாமியார் கத்தோலிக்கர். 22 ஆண்டுகள் என்னை மகளாக நடத்தினார். கடைசியாக அவர் கையில் இருந்த செபமாலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கயிறு அறுந்திருக்கிறது. நான் அதை வைத்துக்கொள்ளலாமா, கோயிலில் ஒப்படைத்துவிட வேண்டுமா?
– ஒரு மருமகள், கோயம்புத்தூர்

பதில்: அவர் உங்களிடம் கொடுத்தார், அம்மா, உங்களிடமே இருக்கட்டும். மந்திரித்த, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த, பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பயன்படாத நிலைக்கு வந்தால் எரிப்பார்கள், அல்லது மண்ணில் புதைப்பார்கள். உங்களுடையது அந்த நிலையில் இல்லை, கயிறுதான் போயிருக்கிறது. கோயில் வாசலில் செபமாலை விற்கிறவர்களிடம் கொடுத்தால் கோத்துத் தருவார்கள். கொடுக்குமுன் மணிகளை எண்ணிக்கொள்ளுங்கள்: சிறியவை 53, பெரியவை 6. குறைந்தால் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் அடியிலும் தலையணை உறைக்குள்ளும் தேடிப் பாருங்கள்.