ஷெல்பி ஃபுட்டும் பார்பரா ஃபீல்ட்ஸும்

அன்புள்ள ஐயா,

கென் பர்ன்ஸ் எடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆவணத்தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். எனக்கு அந்தப் போரைக் கண்முன் நிறுத்தியவர் அதில் பேசும் எழுத்தாளர் ஷெல்பி ஃபுட்தான். ஆனால் அவர் அடிமைமுறையைப் பூசி மெழுகிவிட்டார், அவரைச் சேர்த்திருக்கவே கூடாது என்கிறார்கள். இது நியாயமா?

ச.

அன்புள்ள ச.,

ஃபுட் பேச ஆரம்பித்தால் எழுந்துபோக மனம் வராது. நரைத்த தாடி, நிதானமான மிசிசிப்பி பேச்சு, அதிபர் லிங்கனையும் தெற்குப் படைத் தளபதி லீயையும் நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தவர்போல ஒரு நெருக்கம். 1990-இல் பிபிஎஸ் என்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, 73 வயதில் அவர் நட்சத்திரமானார்.

முதல் பகுதியில் ஒரு சம்பவம் சொல்வார். கந்தல் உடையில் தனியாக மாட்டிக்கொண்ட தெற்குச் சிப்பாயிடம் வடக்குப் படையினர் கேட்கிறார்கள், நீ எதற்காகச் சண்டை போடுகிறாய் என்று. ‘நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்களே, அதனால்தான்’ என்கிறான். திருப்தியான பதில்தான் என்கிறார் ஃபுட். கேட்கிற நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் ஃபுட்டின் சொந்த மாநிலமான, தெற்கைச் சேர்ந்த மிசிசிப்பி 1861-இல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோகும்போது வெளியிட்ட அறிக்கை எதையும் ஒளிக்கவில்லை. தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்றே அதில் இருக்கிறது. அந்தச் சிப்பாய் உண்மையைத்தான் சொல்லியிருப்பான். அவனைப் போருக்கு அனுப்பியவர்களும், அடிமைப்பட்டுக் கிடந்த சுமார் 40 லட்சம் பேரும் அந்தக் கதைக்குள் வருவதே இல்லை.

லிங்கனுக்குச் சமமாகத் தெற்குப் படைத் தளபதி நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டை மேதை என்று ஃபுட் புகழ்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஃபாரஸ்ட் அடிமை வியாபாரி. 1864-இல் ஃபோர்ட் பில்லோ கோட்டையில் சரணடைய முயன்ற வடக்குப் படையின் கறுப்பினச் சிப்பாய்களைக் கொன்று குவித்தது அவருடைய படை.

ஆனாலும் ஃபுட்டைச் சேர்த்திருக்கவே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். போரை மனிதர்களின் கதையாக ஆக்கியவர் அவர். தவறு எடிட்டிங் மேசையில் நடந்தது. ஃபுட் ஏறக்குறைய தொண்ணூறு முறை வருகிறார். அடிமைமுறையை ஆழமாக ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்தது அதில் சிறு பங்குதான். இத்தகைய படங்களில் பேசுகிறவரிடம் கேட்ட கேள்வியை வெட்டிவிடுகிறார்கள், பதில் மட்டும் மிஞ்சுகிறது. எதிரே உட்கார்ந்து மறுத்துக் கேட்க ஆளில்லாதபோது, அடிக்குறிப்பே இல்லாமல் இந்தப் போரைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதிய ஒரு நாவலாசிரியரின் ரசனை வரலாற்றின் தீர்ப்பாகிவிடுகிறது.

ஃபீல்ட்ஸ் பேசும் இடங்களை மட்டும் தேடியெடுத்து மறுபடி பாருங்கள். அர்த்தமற்ற படுகொலையாக முடிந்திருக்கக்கூடிய போருக்கு மேன்மை தந்தவர்கள், விடுதலைக்காகப் போராடிய அடிமைகளும் அவர்களோடு நின்றவர்களும்தான் என்கிறார். பார்த்துவிட்டு எழுதுங்கள்.