பின்பெட்டியில் என்ன ஏற்றப் போகிறீர்கள்? – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பண்ணை வண்டிகளைப் பற்றியவை. இரண்டு மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்து ஓட்டி, பின்பெட்டியில் சாமான் ஏற்றுகிற யூ.டி.வி. வகை. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் ஒருவருடையதை மட்டும் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பண்ணைக்கு எந்த வண்டி நல்லது?

எந்தப் பண்ணைக்கு?

கேள்வி: 60 மாடுகள். தினமும் தீவன மூட்டை, வேலிக் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று சுற்ற வேண்டும். 25 குதிரைத்திறன் டீசல் வண்டி ஒன்று, 80 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். "பவர் இருந்தால் எல்லாம் இருக்கிறது" என்கிறார் விற்பவர்.

விற்பவர் உங்கள் மாடுகளைப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லும் வேலை முழுக்க மெதுவாகப் போகிற வேலை. கதவு திறக்க நிற்பீர்கள், மூட்டையைத் தள்ள நிற்பீர்கள், அடுத்த தொட்டிக்கு ஊர்ந்து போவீர்கள். இதற்கு 25 போதும். 80 இருந்தால் வேகம் வரும், அவ்வளவுதான். வேகமாகப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? மாடுகள் மிரளும்.

இதை ஞானத்தால் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். என் முதல் வண்டி அப்படிப்பட்டது. சிவப்பு நிறம், உயரமான ஸ்பிரிங், முடுக்கினால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். பின்பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்: அதிகபட்சம் 136 கிலோ. வாங்கும்போது அதை நான் படிக்கவில்லை. 50 கிலோ மூட்டை மூன்று வைத்தேன், வண்டி பின்புறமாக உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தது. நான்கு ஆண்டுகள் அதில் என் நாய் மட்டும் சுகமாகப் பயணம் செய்தது.

டீசலா பெட்ரோலா என்றால், நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கும், டிராக்டருக்காக ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவருக்கும் டீசல். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்றால் டீசல் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவீர்கள், கரி படியும். அந்த ஓட்டத்துக்குச் சின்ன பெட்ரோல் இன்ஜின் மேல்.

கேள்வி: விளம்பரத் தாளில் "600 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்தது. விற்ற கடையிலேயே 400 லிட்டர் மருந்து டேங்க் பொருத்திக் கொடுத்தார்கள். நாங்கள் இருவர் ஏறி ஓட்டினோம். ஐந்தாம் மாதம் பின்சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்துவிட்டது. "ஓவர்லோடு, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். 400, 600-ஐ விடக் குறைவுதானே ஐயா?

குறைவுதான். உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பல வருடமாக என் வயிற்றெரிச்சல் இது.

இந்த வண்டிகளுக்கு இரண்டு எண் உண்டு. ஒன்று, வண்டி மொத்தமாகத் தாங்கும் சுமை. இன்னொன்று, பின்பெட்டி மட்டும் தாங்கும் சுமை. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வருவது முதல் எண். அதற்குள் ஓட்டுபவர் அடக்கம், பக்கத்தில் இருப்பவர் அடக்கம், நீங்கள் பிறகு மாட்டிய கூரை, கண்ணாடி, வின்ச் (சேற்றில் சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் உருளை) எல்லாம் அடக்கம். டிரெய்லர் மாட்டினால் கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் அதில்தான் சேரும். இதெல்லாம் கையேட்டில் இருக்கும். கையேடு எப்போது கைக்கு வரும்? பணம் கட்டிய பிறகு.

உங்கள் கணக்கைப் போடுவோம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. டேங்க் நிறைந்தால் 400. வெறும் டேங்க், பம்பு, இரும்புச் சட்டம், குழாய்ச் சுருள் சேர்த்து 50 என்று வையுங்கள். நீங்கள் இருவர் 150. ஆக 600. கூரையும் முன்கண்ணாடியும் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே எல்லை தாண்டிவிட்டது. பெட்டியின் தனி எல்லை 400 என்று கையேட்டிலிருந்து நீங்களே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். டேங்க் மட்டுமே 450. ஆக, முதல் நாள் கடையிலிருந்து டேங்க் நிரப்பிக் கிளம்பியிருந்தால் அன்றைக்கே ஓவர்லோடு. அதுவும் இந்த எண்கள் சமதரைக்கு. மேடு பள்ளத்திலும் சரிவிலும் சுமையைக் குறைக்கச் சொல்லித்தான் கையேடுகள் எழுதுகின்றன.

இன்னொன்று, தண்ணீர் மூட்டையைப் போல் சும்மா இருக்காது. பாதி நிரம்பிய டேங்க், முழுக்க நிறைந்த டேங்கைவிட மோசமாக ஆட்டும். திரும்பும்போது தண்ணீர் முழுக்க ஒரு பக்கம் ஓடி வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த, உயரம் குறைந்த டேங்க்தான் வாங்க வேண்டும். இந்த வண்டிக்கு 200 லிட்டர் சரி. இரண்டு தடவை போய் வாருங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

சரி, இப்போது என்ன செய்வது? வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். டேங்கையும் வண்டியையும் ஒரே ரசீதில் போட்டிருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம். எதற்கு வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே, தாங்காத டேங்கை அவர்கள் கையாலேயே பொருத்திக் கொடுத்துவிட்டு, "நீங்கள் ஏன் பொருத்தினீர்கள்" என்று கேட்க அவர்களுக்கு வாயில்லை. அந்த ரசீதின் நகல், கையேட்டின் சுமைப் பக்கம், முறிந்த பாகத்தின் படம் மூன்றையும் சேர்த்துத் தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் புகார். முறிந்த பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: ஒரே வருடத்தில் மூன்று பெல்ட் போய்விட்டது. மட்டமான வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள். மரத்துண்டு ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுப்போம், எப்போதும் வேகத்துக்கான 'ஹை' கியரில்தான் ஓட்டுவோம், இழுவைக்கான 'லோ'வில் போட்டால் சத்தம் அதிகம்.

கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர் மாற்றும் வேலையை ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு கப்பியும் செய்கின்றன. கப்பி இறுகிப் பெல்ட்டைப் பிடித்தால்தான் இழுவை. பாரமான டிரெய்லரோடு 'ஹை'யில் ஊர்ந்தால் பிடி போதாது, பெல்ட் வழுக்கும், சூடேறும், பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் அது பெல்ட் உங்களிடம் கெஞ்சுகிறது என்று அர்த்தம். பாரம், மேடு, ஊர்ந்து போவது, இவை மூன்றில் எது இருந்தாலும் 'லோ'. ஓடைக்குள் இறங்கி ஏறினால் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரப் பெல்ட்டும் வழுக்கும்.

இந்த ஒழுங்கு உங்களுக்கு வராது என்றால் அடுத்த முறை பெல்ட் இல்லாததை வாங்குங்கள். குபோட்டாவின் ஆர்.டி.வி.-எக்ஸ் டீசல் வண்டிகள் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை. ஹோண்டா பயோனியர் 1000-இல் காரைப் போல் பல்சக்கர கியர். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் காலை எடுத்தாலே வண்டி தானாக மட்டுப்படும், சரிவில் அது பெரிய ஆறுதல். ஆனால் அதுவும் சத்தம் போடும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கொட்டகை வாசல் தாழ்வு. மேலே உள்ள ரோல் பாரை (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பிச் சட்டம்) அறுத்துவிடலாமா?

கூடாது. வாசலை அறுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வேலி பார்த்து வர, மருந்து அடிக்க. ஏ.டி.வி. விலை குறைவாக இருக்கிறதே, அதையே வாங்கிவிடலாமா? பையனும் (13) ஓட்ட ஆசைப்படுகிறான்.

பையனுக்கு வேண்டாம். பெரிய வண்டிகளை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

அப்பாவுக்கும் வேண்டாம் என்பேன். குதிரை மாதிரி கால் போட்டு உட்காரும் ஏ.டி.வி.யில் ஓட்டுபவரின் உடம்பும் வண்டியின் ஒரு பாகம். சரிவில் சாய வேண்டும், மேட்டில் முன்னால் குனிய வேண்டும். கவிழ்ந்தால் வண்டி ஆளின் மேல். இந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து பண்ணை வேலைக்கான புதிய ஏ.டி.வி.களில் ஆளைக் காக்கும் வளைவுச் சட்டம் கட்டாயம் ஆக்கினார்கள். குறுகிய வரப்பு, இளம் வயது, கையில் சுமையில்லை, தலையில் ஹெல்மெட் என்றால் ஏ.டி.வி. கெட்டிக்கார வண்டிதான். மருந்து டேங்கும் 68 வயதும் சேரும் இடத்தில் யூ.டி.வி. அதிலும் சீட் பெல்ட் போட்டால்தான் ரோல் பாருக்கு மரியாதை. போடாவிட்டால் கவிழும்போது ஆள் வெளியே விழுவார், அந்தக் கம்பியே அவர் மேல் வந்து விழும்.

கேள்வி: 9 வருடப் பழைய வண்டி. 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறதாம். அடியில் துரு ஒரு பொட்டு இல்லை, கன்னங்கரேல் என்று மின்னுகிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள், பொறுங்கள்!

எனக்கு விற்றவரும் அப்படித்தான் மின்னவைத்திருந்தார். அடியில் குனிந்து விரலால் தேய்த்தேன், கறுப்பு ஒட்டியது. பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும். "துருப் பிடிக்காமல் இருக்க அடித்தோம்" என்றார், நானும் அக்கறையான மனிதர் என்று மெச்சினேன். எட்டு மாதத்தில் வண்டியின் அடிச்சட்டம் விரிசல் விட்டது. பெயிண்டுக்கு அடியில் இருந்தது பழைய வெல்டிங்.

அதனால், நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டி என்று சந்தேகப்படலாம். மீட்டர் 300 என்கிறது, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிகிறதா? ரப்பர் சொல்வதை நம்புங்கள், மீட்டரை மாற்றிவிடலாம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கிறது. ஆயில் குச்சியை உருவுங்கள், பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு இன்ஜின் பக்கம் உள்ள குழாயில் விரலை விடுங்கள். மண் ஒட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், அந்த இன்ஜின் தூசியைத் தின்று வாழ்ந்திருக்கிறது.

கேள்வி: பேட்டரி வண்டி?

கன்று ஈனும் கொட்டகைக்குப் பக்கத்தில் போகிறவர்களுக்கு அருமை. சத்தமில்லை, புகையில்லை, முதல் அடியிலிருந்தே இழுவை. ஆனால் தாளில் போட்ட தூரம் வெறும் வண்டிக்கு. டிரெய்லரும் சேறும் சேர்ந்தால் அது வேகமாகக் கரையும். பழைய ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், காய்ச்சி வடித்த நீர் ஊற்ற மறக்காதீர்கள். லித்தியத்தை உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்யக்கூடாது. வீட்டைச் சுற்றியே வேலை என்றால் யோசிக்காமல் வாங்கலாம். தொலைவில் மேய்ச்சல் என்றால் ஒரு நாள் நடந்து திரும்புவீர்கள்.

கேள்வி: வின்ச் தேவையா?

என்னுடையதை வாங்கிக்கொள்கிறீர்களா? ஏழு வருடத்தில் இரண்டு முறை இழுத்திருக்கிறது. இரண்டாவது முறை இழுத்தது பக்கத்து நிலத்துக்காரர் வண்டியை.

கேள்வி: நிலம் இரண்டு துண்டு, நடுவே தார்ச் சாலை. யூ.டி.வி.யா, பழைய ஜப்பான் குட்டி டிரக்கா?

சாலையில் தினமும் போவதென்றால் குட்டி டிரக்கைப் பாருங்கள். 'கெய்' வகையில் 660 சி.சி. இன்ஜின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம். இதற்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் நாட்டு விதி. சுமை பொதுவாக 350 கிலோ. மூன்று பக்கமும் பலகை இறங்கும், மூட்டை ஏற்ற இடுப்பு உடையாது. மழைக்கு மூடிய கேபின் வேறு. யூ.டி.வி.யின் மெத்து டயர் தார்ச் சாலையில் சீக்கிரம் தேயும், பல இடங்களில் அதற்குச் சாலையில் போக அனுமதியும் இல்லை. ஆனால் டிரக் ஆழமான சேற்றில் வயிறு தட்டி நிற்கும். உதிரிபாகம் யாரிடம் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான்கு சக்கர இழுவை, டிஃபரன்ஷியல் லாக் (இரு பக்கச் சக்கரமும் சேர்ந்து சுற்றவைக்கும் பூட்டு), தூக்கிக் கொட்டும் பெட்டி என்று பேசிப் பணம் கட்டினேன். வண்டி வரும் முன்பே "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வந்தது இரண்டு சக்கர இழுவை, பெட்டியும் கொட்டவில்லை. கணவர் இறந்த பிறகு நான் தனியாக வாங்கிய முதல் வண்டி.

அம்மா, மனசு கனத்துவிட்டது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வராத பொருளை யாரும் நல்ல நிலையில் பெற முடியாது. உங்கள் கையெழுத்தின் தேதியும் வண்டி இறங்கிய தேதியும் வேறு வேறாக இருப்பதே உங்கள் பக்கம் பேசும். வண்டியை ஓட்டாதீர்கள், மீட்டரில் உள்ள எண்ணோடு ஒரு படம் எடுத்துவையுங்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் ஆணியடித்த தகடு ஒன்று இருக்கும், அதில் மாடல் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொறித்திருக்கும். அந்த மாடல் எண்ணை ரசீதில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் "வேறு பொருள் வந்திருக்கிறது, எடுத்துக்கொண்டு நான் கேட்டதைக் கொடுங்கள்" என்று இன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒன்றாகவே இருந்தால் ரசீதிலேயே குறைந்த மாடலை எழுதி ஏமாற்றியிருக்கிறார்கள். பேசும்போது அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு, அனுப்பிய செய்தி எதுவும் இருந்தால் தேடி எடுங்கள். தகட்டின் படத்தையும் ரசீதையும் எனக்கும் அனுப்புங்கள். கடைக்கு எழுதும் கடிதத்தை நானே வரைந்து தருகிறேன்.

கேள்வி: நேற்று வண்டி வாங்கிவிட்டேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நேற்று முன்தினம் எழுதியிருக்கலாம். இப்போதைக்குச் சைலன்சரைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல்லைத் தினமும் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.