கிளாரியன் ஏன் நிலைக்கவில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

அமெரிக்காவில் குடியேறிய யூதர்களைப் பற்றிய கட்டுரையில், யூட்டா மாநிலத்தில் இருந்த கிளாரியன் என்ற யூத விவசாயக் குடியேற்றத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் படித்தேன். 1911இல் தொடங்கி நாலைந்து வருடத்தில் முடிந்திருக்கிறது. நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் தையல் வேலை பார்த்தவர்களுக்கு உழவு எப்படிக் கைகூடும்? பரம்பரையாக வராத தொழில் என்பதால்தானே தோற்றார்கள்?

ரமணி

அன்புள்ள ரமணி,

ஒரு வரி போதாதுதான். உங்கள் கேள்வியில் உள்ள 'பரம்பரை' என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிளாரியனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். அந்தப் பேரரசின் கெர்சோன் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே யூத உழவர்களின் ஊர்கள் இருந்தன. 1882இல் வந்த மே சட்டங்கள்தான், யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறவும் நிலம் வாங்கவும் தடை போட்டன. அப்படி விலக்கி வைக்கப்பட்டவர்களைப் பார்த்து, உழவு உங்கள் ரத்தத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளாரியனை முன்னின்று தொடங்கியவர் பெஞ்சமின் பிரவுன். அவரும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர். கன்னிசன் என்ற சிற்றூருக்கு அருகே, மாநில அரசிடமிருந்து சுமார் 6,000 ஏக்கரைத் தவணையில் வாங்கினார்கள். 1911 செப்டம்பரில் முதலில் 12 ஆண்கள் வந்து இறங்கினார்கள். அப்புறம் குடும்பங்கள் வந்தன, 200 பேருக்கு மேல் ஆனார்கள்.

அவர்களுக்கு அனுபவம் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் மண் சாரமற்றது. மழை போதாது. நம்பியிருந்தது பியூட் நீர்த்தேக்கத்திலிருந்து வந்த கால்வாயை மட்டும்தான். கிளாரியனோ அதன் கடைமடை. கால்வாய் உடைப்பெடுக்கும், பயிர் வாடும்போது தண்ணீர் வராது. போதாக்குறைக்கு உறைபனி, வெள்ளம். அக்கம்பக்கத்தில் இருந்த, மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த உழவர்கள் உதவினார்கள்தான், ஆனாலும் விளைச்சல் தவணை கட்டும் அளவுக்கு வரவில்லை. 1915இல் நிலம் ஏலத்துக்குப் போனது.

யூதர்கள் போன பிறகு மார்மன் குடும்பங்களும் ஜப்பானிய விவசாயிகளும் அங்கே உழுது பார்த்தார்கள். அவர்களிலும் பலர் நிலைக்கவில்லை. அவர்கள் தையல் கடையிலிருந்து வந்தவர்கள் அல்லவே! பிரவுன் யூட்டாவிலேயே தங்கி, 1920களில் கோழிப் பண்ணைக்காரர்களைத் திரட்டி முட்டை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அது நன்றாக நடந்தது. தண்ணீர் சரியாகக் கிடைத்திருந்தால் கிளாரியன் இன்னும் கொஞ்ச காலமாவது தாக்குப்பிடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்று அங்கே ஊர் இல்லை. சில கட்டட அடித்தளங்களும், எபிரேய எழுத்து பொறித்த இரண்டு கல்லறைகளும் இருக்கின்றன. ஒன்று மரம் கொண்டுவரப் போய் விபத்தில் இறந்தவருடையது, மற்றது ஒரு குழந்தையுடையது. கட்டுரையைத் திருத்தும்போது இவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.