பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனின் முன்பக்கத்தை ஸ்பேனர் வைத்தே இறக்க முடியுமா?

உங்களுடையது 1973 மாடல் பே விண்டோ, அதாவது முன்கண்ணாடி ஒரே வளைந்த துண்டாக இருக்கும் ரகம். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இடது பக்கம் லேசாகச் சாய்கிறது, ஏதாவது ஒரு போல்ட்டைத் திருப்பி இரண்டையும் சரிசெய்யலாமா என்பது கேள்வி. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் முடியாது. முன்பக்கத்தில் திருப்புவதற்கென்று போல்ட்டே கிடையாது. இங்கே இங்கிலாந்தில் அதே ரக வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் அதன் அடியில் படுத்துக் கிடப்பவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதில் காயில் ஸ்பிரிங் இல்லை. பீட்டில் கார் வழியில் வந்த அமைப்பு இது. முன் அச்சு என்பது குறுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்பிரிங் எஃகுத் தகடுகள் ஓலைச்சுவடிக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். கட்டின் நடுப்பகுதியைத் தலையில்லாத ஒரு திருகும் அதன் மேல் ஒரு லாக் நட்டும் அசையாமல் பிடித்திருக்கும். இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் கைகள். சக்கரம் மேலே எழும்பினால் தகடுகள் முறுக்கிக்கொள்ளும், அதுதான் ஸ்பிரிங்.

சில வேன்கள் தரையோடு தரையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றில் குழாயின் நடுவை வெட்டி, பல் வைத்த அட்ஜஸ்டரை வெல்டிங் செய்திருப்பார்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அந்த வேலையைச் செய்திருக்கலாம், குனிந்து பாருங்கள். இருந்தால், வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, போல்ட்டைத் தளர்த்தி நடுப்பகுதியைச் சுற்றலாம். மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டையும் ஒரே அளவு சுற்ற வேண்டும். ஆனால் சுற்றுவது நடுவை என்பதால் இடது வலது இரண்டும் சேர்ந்தேதான் ஏறும், இறங்கும். உங்கள் இடது பக்கச் சாய்வுக்கு அதில் மருந்து இல்லை. சமையல் அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒரே பக்கம் இருக்கிறதா, தகடு ஏதும் உடைந்திருக்கிறதா, பின்பக்க டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு) ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையில் நான் முதலில் சந்தேகப்படுவது பின்பக்கத்தைத்தான். எஞ்சின் பின்னால், கட்டில் பெட்டி சாமான் எல்லாம் பின்னால். அத்தனை வருடச் சுமையில் பின்பக்கம் இறங்கினால் மூக்கு தானாகத் தூக்கும். வேடிக்கை என்னவென்றால், முன்னால் இல்லாத சரிசெய்யும் வசதி பின்னால் உண்டு. டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் ஒரு பக்கமாகவும் வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கமாகவும் நகர்த்தினால் மொத்த மாற்றம் ஒரு டிகிரிக்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமாக வைக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் தொடும் முன் அளந்து வையுங்கள். சமதரை, சரியான டயர் காற்று, பயணத்தில் இருக்கும் அதே சாமான். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு மூலையிலும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு டேப்பை எடுக்காதீர்கள். அச்சில் நான்கு கிரீஸ் நிப்பிள் (கிரீஸை உள்ளே செலுத்தும் சிறு முனை) இருக்கின்றன. உள்ளே கிரீஸ் வறண்டிருந்தால் கைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வண்டி தன் உயரத்துக்கு இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். முன்சக்கரங்கள் தரையில் படாமல் தொங்கும்போதே கிரீஸ் அடியுங்கள், அப்போதுதான் உள்ளே போகும். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வந்து, பிறகு புதியது தெரியும் வரை கிரீஸ் கன்னை அமுக்குங்கள். அப்புறம் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, அமுக்கி ஆட்டிவிட்டு அளந்து பாருங்கள். சில சமயம் விஷயம் இதோடு முடிந்துவிடும்.

இதற்குப் பிறகும் முன்பக்கத்தை இறக்கியே தீர வேண்டும் என்றால், அச்சை வெட்டுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். அட்ஜஸ்டரில் எவ்வளவு இறக்குகிறீர்களோ அவ்வளவும் சக்கரம் மேலெழும்பும் இடத்தில்தான் குறையும். கை ரப்பர் தடுப்பில் போய்த் தட்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகு பதில் சொல்லும். ஷாக் அப்சார்பரையும் குட்டையாக மாற்ற வேண்டியிருக்கும். டிராப் ஸ்பிண்டில் அப்படியில்லை. சக்கரம் மாட்டும் தண்டையே மேலே தள்ளி வைத்த பாகம் அது. சுமார் இரண்டரை அங்குலம் இறக்கும், ஆனால் கைகள் பழைய கோணத்திலேயே இருக்கும். வாங்கும்போது டிஸ்க் பிரேக்குக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். 1970 ஆகஸ்டுக்குப் பின் வந்தவை முன்பக்கம் டிஸ்க், அதற்கு முந்தையவை டிரம்.

எப்படி இறக்கினாலும் முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் வண்டி மூக்கால் குனியும், காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். ஸ்டீயரிங் லேசாகி, மோட்டார்வேயில் பக்கவாட்டுக் காற்றடித்தால் வண்டி அலையும். ஏற்கெனவே பெட்டி போன்ற வண்டி, சொல்லவா வேண்டும்! அதனால் பின்பக்கத்தையும் சேர்த்தே யோசியுங்கள். டோ அலைன்மென்ட், அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்காமல் சரிசெய்வது, கட்டாயம். ஹெட்லைட் குறியையும் திருத்துங்கள்.

நீங்களும் பிரிட்டன் என்றால் இன்னும் ஒன்று. இறக்கியதை இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லியாக வேண்டும். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு எம்ஓடி என்னும் வருடாந்திரத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் வண்டியில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை, சஸ்பென்ஷன் வகையை மாற்றுவதும் அதில் சேரும். விலக்கு இருந்தாலும், அச்சை வெட்டி வெல்டிங் செய்த வண்டியை நான் சோதனைக்குக் கொண்டுபோகத்தான் செய்வேன்.