நான்கு வயதில் எழுதியே ஆக வேண்டுமா?

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. அவள் படிக்கும் மாண்டிசோரி பள்ளியில் பிள்ளைகளை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். சேர்த்து ஏழு மாதமாகியும் நோட்டில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையனோ அ முதல் ஔ வரை எழுதுகிறான். பள்ளியை மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மாற்றுவதற்கு முன், ஒரு நாள் காலையில் அனுமதி பெற்று அந்த வகுப்பறையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள் அம்மா. குமிழ் வைத்த மர உருளைகளை உரிய குழிகளில் பொருத்தும் பலகை ஒன்று அங்கே இருக்கும். அந்தக் குமிழைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் பிடிக்க வேண்டும். நாளை பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்கள்தாம். பிறகு, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை எழுதும் திசையிலேயே விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகுவார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதியதற்கும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் இது தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘விட்டுவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அப்படிச் சொல்லவில்லை. எந்தப் பொருளை எந்தத் தட்டில் வைப்பது, எப்போது செய்துகாட்டுவது, எப்போது குறுக்கிடாமல் ஒதுங்கி நிற்பது என்பதெல்லாம் ஆசிரியையின் பொறுப்பு. குழந்தை தேர்ந்தெடுப்பது அந்த எல்லைக்குள்தான். (1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சியளிக்க வந்த அவர், போர்க்காலத்தில் நமக்குப் பக்கத்துக் கொடைக்கானலிலும் சில காலம் தங்கியிருந்தார்.)

ஆனால் மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை வைக்க எவருக்கும் தடையில்லை. பொருள்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தாலோ, குழந்தை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போதே அரைமணிக்கொருமுறை மணியடித்து எழுப்பிவிட்டாலோ, மூன்று வயதினரையும் ஐந்து வயதினரையும் ஒன்றாகப் பழகவிடாமல் பிரித்து வைத்திருந்தாலோ, உங்கள் சந்தேகம் நியாயமானதே, தாராளமாக மாற்றுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் வரிசையைக் கலைத்து ‘ஊ’ எது, ‘ஐ’ எது என்று கேட்டால் சொல்கிறானா என்பது வேறு விஷயம்; அதைச் சோதிக்கப் போய் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது. உங்கள் பேத்தியை மாலையில் அருகில் உட்காரவைத்துப் பூண்டு உரிக்கச் சொல்லுங்கள், பல்லாங்குழியில் புளியங்கொட்டையை எண்ணிப் போடவிடுங்கள். அவள் மெதுவாகச் செய்தாலும் நீங்கள் கைகொடுக்காமல் பொறுத்திருங்கள்.