மூன்று முறை வென்றவரை எதிர்த்து மகன் நிற்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 34. சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும், ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில் அடுத்த பொதுத்தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட விரும்புகிறான். இப்போதைய உறுப்பினர் மூன்று முறை வென்றவர். 8,000 வெள்ளி கொடுத்தால் 1,500 இந்திய வாக்குகளைத் திரட்டித் தருவதாக ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறார். பதவியில் இருப்பவரை எதிர்க்க இப்படியொரு துணை வேண்டுமா? வைப்புத்தொகை போய்விடுமா?

பதில்: அந்த மனிதருக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 25,000 வாக்காளர்கள் உள்ள தொகுதியில் இந்தியர் 2,500 பேர் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் சொல்லும் 1,500 என்பது ஐவரில் மூவர். அதிலும் 1989 முதல் நடப்பிலுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இன ஒருங்கிணைப்புக் கொள்கையால், அதாவது ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள வரம்பால், நம்மவர்கள் எல்லாப் புளோக்குகளிலும் பரவி வாழ்கிறார்கள். மொத்தமாக அள்ளிக் கொடுக்கும்படி எங்கும் குவிந்திருக்கவில்லை. வாக்கு இரகசியமானது என்பதால், சொன்னதைச் செய்தாரா என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அந்தத் துணிவில்தான் அவர் விலை பேசுகிறார். வாக்குத் திரட்டித் தரப் பணம் கொடுப்பது நாடாளுமன்றத் தேர்தல் சட்டப்படி இலஞ்சம். நான் தேர்தல் முகவராக இருந்த ஒவ்வொரு முறையும், ஏதோவொரு சங்கத்தின் பெயர் அச்சிட்ட அட்டையுடன் இப்படி ஒருவர் வந்து நின்றிருக்கிறார். முதன்முறை நிற்பவர்களின் பயம்தான் இவர்களுக்கு மூலதனம்.

பதவியில் இருப்பவரின் உண்மையான பலத்தை அறிய, உறுப்பினர் குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு நடக்கும் இரவில் உங்கள் மகன் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நிற்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசை எண்ணுடன் காத்திருக்கும் பாட்டி, வாடகை வீட்டு மேல்முறையீட்டுக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் தொண்டூழியர், இரவு பத்தரை மணிக்கும் கையொப்பமிட்டுக்கொண்டிருக்கும் உறுப்பினர் ஆகியோரை அங்கே காணலாம். 1955-இல் டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த இந்த வழக்கம் ஆண்டுக்கணக்கில் சேர்த்துத் தரும் அறிமுகத்தை, 2025-இல் இருந்ததைப் போன்ற ஒன்பது நாள் பிரசாரத்தில் எவராலும் ஈடுகட்ட முடியாது. குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தை நடத்துபவரும் அவரே. அரசு அமைப்பான மக்கள் கழகத்தின் கீழ் வட்டாரங்களில் இயங்கும் அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகராக ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரே நியமிக்கப்படுகிறார். எதிர்க்கட்சி வென்ற தொகுதியிலும் அப்படித்தான். வாக்காளர் தேர்ந்தெடுத்தவருக்கு இல்லாத இடம், அவர்கள் வேண்டாம் என்று சொன்னவருக்குக் கிடைப்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இந்தப் பலம் கட்சியைச் சேர்ந்ததா, ஆளைச் சேர்ந்ததா என்பதை நீங்கள் நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். 1984 முதல் பொத்தோங் பாசிர் தனித்தொகுதியின் உறுப்பினராக இருந்த எதிர்க்கட்சியின் சியாம் சீ டோங், 2011-இல் பலர் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதி ஒன்றில் போட்டியிடச் சென்றார். அவருக்குப் பதிலாக நின்ற அவருடைய மனைவி லினா சியாம் 114 வாக்குகளில் தோற்றார். 27 ஆண்டு உழைப்பு, அதே குடும்பப் பெயர் இருந்தும் கைமாறவில்லை. வென்ற ஆளுங்கட்சியின் சித்தோ யி பின், 2001-இலும் 2006-இலும் அங்கே தோற்றும் தொகுதியை விட்டு நகராதவர். பதவியில் இல்லாமலே பத்தாண்டு அங்கே உழைத்தவர். அதே 2011-இல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் தம் ஹவ்காங் தனித்தொகுதியை விட்டு அல்ஜுனிட் குழுத்தொகுதிக்குச் சென்றபோது, அவர் கட்சியின் புதியவர் ஏறத்தாழ 65 விழுக்காட்டுடன் வென்றார். அங்கே பிணைப்பு கட்சியோடு இருந்தது. உங்கள் தொகுதி இவற்றில் எந்த வகை என்பதை வாக்காளர்களிடம் பேசித்தான் அறிய முடியும்.

2025-இல் நின்ற இரண்டு சுயேச்சைகளையும் பாருங்கள். முந்திய உறுப்பினர் விலகிய மவுண்ட்பேட்டனில், நேரடிப் போட்டியில் ஜெரமி டான் 36 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றார். பதவியில் இருந்தவரே மீண்டும் நின்ற ராடின் மாஸ் மும்முனைப் போட்டியில் இன்னொரு சுயேச்சை வைப்புத்தொகையை இழந்தார். ஆகவே உங்கள் உறுப்பினர் மீண்டும் நிற்பாரா என்பதே உங்கள் மகனின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆளுங்கட்சி 2025-இல் 32 புதுமுகங்களை நிறுத்தியது. அடுத்த முறையும் சில இடங்கள் காலியாகும்.

ஆனால் தொகுதியே இருக்குமா என்பதும் ஒரு கேள்வி. தேர்தலுக்கு முன் தொகுதிகளின் எல்லைகளை மாற்றியமைக்கும் எல்லை மறுஆய்வு அறிக்கை 2025 மார்ச் 11-இல் வந்தது. மே 3-இல் வாக்களிப்பு முடிந்துவிட்டது. புக்கிட் பாத்தோக், மெக்பர்சன், யூஹுவா உட்பட ஐந்து தனித்தொகுதிகள் அந்த அறிக்கையோடு மறைந்தன. ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு எட்டு வாரம்கூட இல்லாத அவகாசம் தருவது எந்த வகையில் நியாயம்? அறிக்கைக்கும் தேர்தலுக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளியைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்பதை நான் உரத்தே சொல்வேன்.

பணத்தைப் பொறுத்தவரை, 2025-இல் வைப்புத்தொகை 13,500 வெள்ளி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அது திரும்பாது. தனித்தொகுதியில் செலவு வரம்பு ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளி. வரம்பு அவ்வளவு இருக்கிறது என்பதற்காக வீட்டை அடகு வைத்துவிடாதீர்கள். பெற்ற நன்கொடைகளைத் தெரிவித்து வேட்பாளர் வாங்க வேண்டிய அரசியல் நன்கொடைச் சான்றிதழுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர், ஆதரிப்பவர் நால்வர் என அத்தொகுதி வாக்காளர் அறுவரின் கையொப்பம் வேண்டும். தரகருக்குச் செலவிட நினைத்த மாலைப் பொழுதுகளில், உங்களுக்கு உறவினர் அல்லாத அந்த ஆறு பேரை உங்கள் மகன் இப்போதே தேடத் தொடங்கட்டும்.