ஊற்றுக்கு வரம்பு வைப்பது ஆற்றிலா, கிணற்றிலா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஓர் ஊற்றிலிருந்து சிறு ஆறு ஒன்று தொடங்குகிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. இப்போது அந்த ஆற்றுக்குக் 'குறைந்தபட்ச நீரோட்டம்' நிர்ணயிக்கப் போகிறார்கள். 'நீண்டகாலச் சராசரி ஓட்டத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது' என்று வரைவில் ஒரே ஒரு வரி இருக்கிறது. கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம். 90 என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: 90 என்ற எண்ணோடு இப்போதைக்கு மல்லுக்கட்ட வேண்டாம். 'நீண்டகாலச் சராசரி' என்ற சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீண்டகாலச் சராசரி வினாடிக்கு 100 கன அடி என்று வையுங்கள். இந்த ஆண்டு ஒன்பது மாதம் ஆறு அதே 100 கன அடி ஓடுகிறது. கோடையின் மூன்று மாதம் 60-க்கு இறங்குகிறது. ஆண்டுச் சராசரி சரியாக 90. விதியின்படி எந்த மீறலும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஆற்றின் ஓரப் பகுதிகள் காய்ந்திருக்கும், முட்டைகள் வெயிலில் கிடந்திருக்கும். மீன் சராசரியில் வாழ்வதில்லை. அதனால் ஆண்டுச் சராசரியோடு, இத்தனை நாள் தொடர்ச்சியாக இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்ற இன்னொரு வரம்பும் வேண்டும் என்று கேளுங்கள். அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளுக்குக்கூட ஒற்றை எண் போதாது. கங்கைக்கு 2018-ல் வந்த அறிவிக்கை, தொடக்கப் பனியாறுகள் முதல் ஹரித்வார் வரை பருவத்தைப் பொறுத்து 20, 25, 30 சதவீதம் என்று பிரித்துத்தான் வைத்தது.

அடுத்தது, எந்தக் காலத்துச் சராசரி? ஊற்று ஒரு காலத்தில் 100 கன அடி கொடுத்தது. இறைப்பு பெருகி இப்போது 80 ஆகிவிட்டது என்று வையுங்கள். கடந்த 15 ஆண்டுப் பதிவை மட்டும் எடுத்தால் சராசரி 80. அதில் 90 சதவீதம் 72. காகிதத்தில் 10 சதவீதம்தான் இழப்பு. ஊற்றைக் கேட்டால் 28 என்று சொல்லும். எனவே இறைப்பு இல்லாதிருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று கணக்கிட்டு, அதை அடிப்படையாக வைத்தார்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இதற்கு நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணினியில் உருவகித்துப் பார்க்கும் கணிப்பு தேவை. கொஞ்சம் செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வைக்கும் சதவீதத்துக்கு அர்த்தம் கிடையாது.

சரி, இந்த 90 எங்கிருந்து வருகிறது? பழைய வழி, ஆண்டுச் சராசரியில் நேரடியாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வது. 1976-ல் டென்னன்ட் என்ற அமெரிக்கர் வெளியிட்ட முறைதான் இதில் பிரபலம். 10 சதவீதம் இருந்தால் உயிரினங்கள் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும், 30 இருந்தால் பரவாயில்லை, 60 இருந்தால் மிக நல்லது என்பது அதன் சாரம். மழைக்கும் பனிக்கும் ஏறி இறங்கும் ஆறுகளைப் பார்த்து உருவான அளவுகோல் அது. அந்த ஆற்று உயிர்களுக்கு ஏற்ற இறக்கம் பழகிய விஷயம். ஊற்று ஆறு அப்படியில்லை. ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே ஓட்டம், ஒரே வெப்பநிலை. அங்கே வாழும் செடியும் மீனும் அந்த நிதானத்துக்கே பழகியவை. 30 சதவீதம் 'பரவாயில்லை' என்று ஊற்று ஆற்றில் யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வழி, வாழிடத்தை அளப்பது. ஓட்டம் குறையக் குறைய, குறிப்பிட்ட மீனுக்கு வேண்டிய ஆழமும் வேகமும் உள்ள பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்கிடுவார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இது சட்டப்படி நடக்கிறது. நீர்வளத்துக்கோ சூழலுக்கோ மேற்கொண்டு எடுத்தால் கணிசமான கேடு வரும் என்ற எல்லைதான் அங்கே குறைந்தபட்ச நீரோட்டம். தென்மேற்கு ஃபுளோரிடாவின் நீர் மேலாண்மை மாவட்டம் வாழிடத்தில் 15 சதவீத இழப்பைக் கேட்டின் எல்லையாக எடுத்துக்கொள்கிறது. இந்த 15 இயற்கை விதி அல்ல, மனிதர்கள் கூடிப் பேசி வைத்த கோடு. உங்கள் வரைவில் உள்ள 90-க்குப் பின்னாலும் இப்படி ஒரு முடிவு இருக்கும். எந்த உயிரினத்தைப் பார்த்தார்கள், எது முதலில் அடிபடுகிறது என்று கேட்டால்தான் அது வெளியே வரும்.

அப்படி முதலில் அடிபடுவது ஆழமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபுளோரிடாவின் புளூ ஸ்பிரிங் ஊற்றில் பிரச்சினை வெப்பம். மேனட்டி என்ற கடற்பசு இனம் 20 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரில் வாடிவிடும். குளிர்காலத்தில் அவை சுமார் 22 டிகிரியில் வரும் ஊற்று நீரைத் தேடி வந்து கூடுகின்றன. ஊற்று பலவீனமானால் ஆற்றின் குளிர்ந்த, கனமான நீர் அடிவழியாக உள்ளே ஏறி வெதுவெதுப்பான இடத்தைச் சுருக்கிவிடும். அதனால் 2006-ல் வைத்த வரம்பு நிலையான எண்ணாக இல்லை. வரும் மேனட்டிகள் பெருகப் பெருக இடமும் வேண்டுமே! வினாடிக்கு 133 கன அடியில் தொடங்கிப் படிப்படியாக 157 வரை ஏறும்படி வைத்தார்கள். குறைந்தபட்ச அளவு காலப்போக்கில் ஏறவும் செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது. கடலோர ஊற்றாக இருந்தால் வெப்பத்தின் இடத்தில் உப்பு நிற்கும். ஓட்டம் தளர்ந்தால் உவர்நீர் மேலேறும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வரம்பை ஆற்றில் எழுதுகிறார்கள். ஆனால் திறந்து மூடும் குழாய் ஆற்றில் இல்லை, கிணறுகளில் இருக்கிறது. அணையென்றால் மதகைத் திறந்தால் சில மணி நேரத்தில் தண்ணீர் வரும். ஊற்றுக்கு அப்படி ஒரு மதகு கிடையாது. கிணற்றில் இறைப்பதன் விளைவு நிலத்தடியில் மெதுவாகப் பரவித்தான் ஊற்றை எட்டும். மணற்பாங்கான நீர்த்தாங்கியில், அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்கில், தூரம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பது நீரியல் கணக்கு. மோட்டாரை நிறுத்திய பிறகும் அதே தாமதம் உண்டு. ஊற்று வரம்பைத் தொட்டபின் விழித்துக்கொண்டால், அதற்கப்புறமும் அது கொஞ்ச காலம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

டெக்சாஸ் மாநிலம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1950-களின் நீண்ட வறட்சியும் இறைப்பும் சேர்ந்து, 1956-ல் கோமல் ஊற்றுகள் ஏறக்குறைய ஐந்து மாதம் அடியோடு நின்றுபோயின. ஃபவுன்டன் டார்ட்டர் என்ற சிறு மீன் அங்கிருந்து மறைந்தது. 1970-களில் அருகிலிருந்த சான் மார்கோஸ் ஊற்று ஆற்றிலிருந்து பிடித்து வந்து மறுபடி விட வேண்டியிருந்தது. பின்னாளில் வழக்கு, தீர்ப்பு என்று போய், 1993-ல் இந்த ஊற்றுகளுக்கு நீர் தரும் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கிக்கெனத் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. இன்று அங்கே ஊற்றின் ஓட்டத்தோடு, ஜே-17 என்ற கண்காணிப்புக் கிணற்றின் மட்டத்தையும் பார்க்கிறார்கள். அந்த மட்டத்தின் பத்து நாள் சராசரி, கடல்மட்டத்திலிருந்து 660 அடி உயரத்துக்குக் கீழே போனால் உரிமதாரர்கள் இறைப்பை 20 சதவீதம் குறைக்க வேண்டும். படிப்படியாக இறங்கி 625-க்குக் கீழே போனால் 44 சதவீதம். வறட்சி வந்தபின் கூட்டம் போட்டு யோசிப்பதில்லை, எவ்வளவு குறைப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. டெக்சாஸின் பாறை சுண்ணாம்புக்கல். உள்ளே குகைகளும் குழாய் போன்ற வழிகளும் உண்டு. அதனால் அங்கே பத்து நாள் கணக்கு எடுபடுகிறது. உங்கள் ஊற்று எந்த ரகம்? பெருமழை பெய்த ஓரிரு நாளில் கலங்கி வந்தால், உள்ளே திறந்த வழிகள் இருக்கின்றன. விளைவு வேகமாகத் தெரியும். எந்த மழைக்கும் தெளிவாகவே வந்தால் பெரும்பாலும் மெதுவான அமைப்பு. எச்சரிக்கை மட்டத்தை இன்னும் முன்னதாகவே வைக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கருத்துக் கடிதத்தில் 90-ஐ 95 ஆக்குங்கள் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தக் கண்காணிப்புக் கிணறு, எந்த மட்டத்தில், யார், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வரைவு அனுமதிக்கும் 10 சதவீதக் குறைவு எல்லாக் கிணறுகளுக்கும் சேர்த்தா என்பதையும் தெளிவுபடுத்தச் சொல்லுங்கள். ஒவ்வோர் உரிமத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே ஆற்றைப் பாதிக்காதது போலத்தான் தெரியும்.

உரம், கழிவு வழியாக நைட்ரேட் வந்து பாசி படர்வது தனிப் பிரச்சினை. ஓட்ட வரம்பு அதைத் தீர்க்காது. அதற்குத் தனி மனு போடுங்கள்.

அப்புறம், இந்த ஒரு மாதத்தில் நீங்களே அளக்கலாம். நேராக ஓடும் ஓர் இடத்தில் 10 மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நீர் நிரப்பிய பாட்டிலை நடுநீரில் விட்டு நேரம் பாருங்கள். நான்கைந்து முறை செய்து சராசரி எடுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே ஐந்தாறு இடங்களில் ஆழம் பாருங்கள். அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் பரப்பு 3 சதுர மீட்டர். பாட்டில் 25 வினாடியில் கடந்தால் வேகம் 0.4 மீட்டர். இரண்டையும் பெருக்கி, மேற்பரப்பு நீர் வேகமாக ஓடும் என்பதற்காக 0.85-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 1.02 கன மீட்டர், அதாவது சுமார் 36 கன அடி. துல்லியமான அளவு என்று சொல்ல முடியாது, ஆனால் போக்கு தெரியும். நட்டு வைத்த அளவுகோலின் நீர்மட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நீர்ச்செடி அடர்ந்தால் ஓட்டம் குறைந்தும் மட்டம் உயர்ந்து நிற்கும். நானே ஒருமுறை அதைப் பார்த்து ஆறு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, பிறகு திருத்தியிருக்கிறேன். வாரம் ஒரு தடவை, அதே இடத்தில் அளந்தால் நான்கு அளவுகள் கிடைக்கும். தேதியோடு கடிதத்தில் சேர்த்து அனுப்புங்கள்.